உட்கார ஓர் இடம்

நிதானமாக வாழுங்கள், சின்னச் சின்னத் தருணங்களை ரசியுங்கள், கிடைத்ததற்கு நன்றியோடு இருங்கள் என்று சொல்பவர்களைக் கவனித்திருக்கிறேன். எல்லோரும் உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள். மேடையில் மெத்தை வைத்த நாற்காலி, கீழே பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் வித்தியாசம். கூட்டம் முடியும்வரை மண்டப வாசலில் நிற்கிற காவலாளியிடம் போய் யாரும் இதைச் சொல்வதில்லை. சொன்னால் அவர் மரியாதைக்குச் சிரித்துவைப்பார்.

எனக்கு அந்த அறிவுரையோடு சண்டை இல்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடுகிறவன் கண்ணில் படுவது வேறு, உட்கார்ந்திருக்கிறவன் கண்ணில் படுவது வேறு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நிதானத்தை மனப்பயிற்சியாக மட்டுமே பேசுகிறபோது அடிப்படையான ஒன்று விட்டுப்போகிறது. நிதானத்துக்கு முதலில் ஓர் இடம் வேண்டும். ஒன்றரை அடி அகலம் இருந்தால் போதும். அடுத்தது, அங்கே உட்காரலாம் என்கிற அனுமதி. இரண்டும் கிடைத்துவிட்டால் மனம் பெரும்பாலும் தானாகவே அடங்கிக்கொள்ளும்.

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. பெஞ்சு என்பதே பெரிய வார்த்தை. எந்த வாய்க்காலுக்கோ பாலமாகக் கிடந்த கருங்கல் பலகையை இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி ஏற்றிவைத்திருக்கிறார்கள். விடிகாலையில் உட்கார்ந்தால் ராத்திரியின் குளிர் இன்னும் கல்லில் இருக்கும். வேட்டியைத் தாண்டி மேலேறும். கடைக்காரர் முதல் டீயைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு இரண்டாவதை எனக்கு ஆற்றுவார். எதிர்வீட்டுப் பெண் வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார். பாதியில் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்ப்பார். ஒரு புள்ளியைக் காலாலேயே அழித்துவிட்டுத் திரும்பவும் குனிவார். கடைவாசல் நாய் முன்னங்கால்களை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும். அதற்குள் முதல் ஈடு வடை எண்ணெயில் விழுகிற சத்தம் கேட்கும். இதில் எதுவும் செய்தி கிடையாது. யாரிடமும் போய்ச் சொல்லவும் முடியாது. சொன்னால், "சரி, அப்புறம்?" என்பார்கள். அப்புறம் ஒன்றுமில்லை.

டீ தீரும்வரை மனம் அன்றைய வேலைகளை எண்ணிக்கொண்டேதான் இருக்கும். மின் கட்டணம், மருந்துக் கடை, பதில் போடாத கடிதம். டம்ளரைக் கீழே வைத்த பிறகும் எழாமல் இருந்தால்தான் விஷயம் தொடங்குகிறது. முதலில் ஒரு குற்ற உணர்ச்சி வரும். ஏதோ திருடுகிற மாதிரி இருக்கும். அது தானாகவே போய்விடும். அதற்குப் பிறகு தெரு தெரிய ஆரம்பிக்கும். பால்காரர் எந்த வீட்டு வாசலில் மட்டும் மணியடிக்காமல் பாத்திரத்தைத் தேடி எடுத்து ஊற்றுகிறார், அங்கே தூங்குகிற குழந்தை இருக்கிறதா, நோயாளி இருக்கிறாரா என்றெல்லாம் யோசிக்கத் தோன்றும். வேண்டுமென்றே யோசிப்பதில்லை. உட்கார்ந்தால் அது வருகிறது. சந்தோஷம் என்று இதைச் சொல்லலாமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு, அத்தனை பெரிய பெயர் இதற்குத் தேவையில்லை. நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு நாளிதழ் பக்கம் பக்கமாகப் பிரிந்து பல கைகளில் இருப்பதை அந்தக் கல்லில்தான் பார்க்க முடியும். விளையாட்டுப் பக்கம் ஒருவரிடம், வரி விளம்பரம் இன்னொருவரிடம். தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கப்பட்டபோது பேச்சுத் தமிழுக்கு அருகில் எழுத வேண்டும் என்று சி.பா. ஆதித்தனார் நினைத்தார். அதற்கேற்ற வாசக சாலை தேநீர்க் கடையாக அமைந்தது. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, தெரியாதவர் கேட்டார். பத்திரிகை வரலாறு எழுதுகிறவர்கள் அச்சு இயந்திரத்தையும் முதலாளியையும் சொல்வார்கள். கடைவாசல் பெஞ்சைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஓய்வைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட மிக நல்ல விஷயம் கல்லில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சுமைதாங்கி. இரண்டு கல்லை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். அதன் உயரம்தான் முக்கியம். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவர் அதைத் தரையில் இறக்கிவிட்டால் திரும்பத் தலையில் ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். ஆளில்லாத பாதையில் யாரைக் கூப்பிடுவது? அதனால்தான் உப்பு மூட்டைக்காரரும் விறகுக்காரப் பெண்ணும் கால் கடுத்தாலும் நிற்காமல் நடந்தார்கள். சுமைதாங்கியின் உயரம் இருந்தால் தலையை லேசாகச் சாய்த்து மூட்டையைக் கல்லுக்குத் தள்ளிவிடலாம். கிளம்பும்போது தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். யார் தயவும் வேண்டாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதை நட்டுவைப்பது அன்றைய வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, முன்பின் தெரியாத வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கிவைத்தார்கள். காவேரிப்பாக்கம் பக்கம் சுமைதாங்கி என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. தலைச்சுமை வணிகம் போனபிறகு இந்தக் கற்களுக்கு வேலை இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது பல இடங்களில் பெயர்ந்துபோயின. மிச்சமிருப்பவற்றில் ஆடு மாடு முதுகு தேய்த்துக்கொள்கிறது.

துக்கத்தை இப்படி மாற்றத் தெரிந்த சமூகம் உட்காருவதைப் பற்றியும் நிறைய யோசித்திருக்கிறது. முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த கதை தெரிந்ததுதான். திருக்கோவலூரில் மழை இரவு. ஓர் இடைகழியில் முதலில் வந்து படுத்தவர் பொய்கையார். பூதத்தார் வந்ததும் எழுந்து இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாரும் வந்ததும் மூவரும் நின்றார்கள். நான்காவதாக ஒருவர் நெருக்கியதால் இறைவனை உணர்ந்தார்கள் என்று கதை போகும். பக்தர்களுக்கு அந்த நான்காவது ஆள் முக்கியம். எனக்கு இரண்டாவது ஆளுக்காக எழுந்து உட்கார்ந்த முதல் ஆளைப் பிடிக்கும். இன்றைக்குப் பேருந்து நிழற்குடை கட்டுகிறவர்கள் படுப்பது, உட்காருவது இரண்டையும் தாண்டி நேரே மூன்றாவது கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். சரிவாக இரண்டு இரும்புக் குழாய். வழுக்காமல் இருக்க வேண்டுமானால் காலை ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். அகலமான இருக்கை கிடைத்தால் அதன் நடுவில் கைப்பிடி முளைத்திருக்கும். யாரும் படுத்துவிடக் கூடாதாம்.

திண்ணை போன கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். இரும்புக் கம்பி போட்டார்கள், கார் நிறுத்தினார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன். திண்ணையோடு போகாமல் தங்கிய வழக்கங்கள் சில இருக்கின்றன. சிவன் கோயிலுக்குப் போனால் வெளியே வருவதற்கு முன்னால் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பார்கள். பெருமாள் கோயிலில் உட்காராமல் நேரே வீட்டுக்கு வர வேண்டும், கூடவே லட்சுமி வருவாள் என்றும் சொல்வார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் இரண்டு கோயிலிலும் உட்காருகிறவன்; லட்சுமி காத்திருக்கட்டும். கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் தூண் நிழலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தைப் பாருங்கள். சன்னதியில் நெரிசலில் எக்கிப் பார்த்தபோது இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கும். தேங்காய் மூடியைக் குழந்தை சுரண்டிக்கொண்டிருக்கும். யாரும் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. வேண்டியது உள்ளே முடிந்துவிட்டது.

இழவு வீட்டுக்குப் போவதும் அப்படித்தான். போகிறவன் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. உட்கார வேண்டும், அதுதான் வேலை. பந்தலில் போட்டிருக்கிற நாற்காலியில், பக்கத்தில் தெரியாத ஆளோடு, பேச்சில்லாமல். எழும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழ வேண்டும். நின்றபடி தலைகாட்டிவிட்டுப் போனவரை அந்த வீட்டார் பல வருடம் நினைவு வைத்திருப்பார்கள்.

இதுவரை நான் சொன்னவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை வாசகர் கவனித்திருப்பார். கோலம் போட்ட பெண் நின்றார், குனிந்தார், உட்காரவில்லை. பழைய அடுக்களையில் வேலை தரையில் நடந்தது. அரிவாள்மனையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து நறுக்கினார்கள். ஆட்டுக்கல்லுக்கு முன்னால் காலை நீட்டி மாவாட்டினார்கள். புகை கண்ணைக் கரித்தது, முழங்கால் தேய்ந்தது. அதைப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. 1950களில் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டர் பெண்களுக்குக் கொடுத்த நேரத்தை எந்தத் தியான மையமும் கொடுத்ததில்லை. ஆனால் எரிவாயு அடுப்பும் மேடையும் வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. உட்கார்ந்து செய்த வேலை முழுக்க நின்று செய்கிற வேலையானது. புதிய வீடு கட்டுகிறவர்கள் மேடையின் கிரானைட் நிறத்துக்கு ஒரு வாரம் அலைகிறார்கள். அடுக்களைக்குள் ஒரு முக்காலிக்கு இடம் விடுவதில்லை. என் அத்தை சமைத்து முடித்த பிறகும் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடிதான் பேசுவார். "அத்தை, கொஞ்சம் உக்காருங்களேன்" என்றால், "உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராதுப்பா, அதான் நிக்கிறேன்" என்பார். நிதானத்தின் ருசி அவருக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் பயப்பட்டார்.

அனுமதி என்று மேலே சொன்னேன். இந்த நாட்டில் உட்காருவதற்குச் சாதி உண்டு. தேநீர்க் கடைப் பெஞ்சைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் அது அயோக்கியத்தனம். இதே மாதிரியான பெஞ்சுகள் கிடந்த எத்தனையோ ஊர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் இருந்தது. டீயை வாங்கித் தரையில் குந்தியோ தள்ளி நின்றோ குடிக்க வேண்டும். பேருந்தில் காலி இடம் இருந்தும் பக்கத்தில் உட்காரத் தயங்கியவர்களின் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலினப் பெண் கூட்டத்தில் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிற படம் வெளியானது 2020 அக்டோபரில். வாக்குச்சீட்டு பதவியைக் கொடுத்தது, நாற்காலியைக் கொடுக்கவில்லை.

துணிக்கடைகளுக்கு வருவோம். வாடிக்கையாளருக்குச் சுழல் நாற்காலி. புடவையை எடுத்துப் பிரித்து, தோளில் போட்டுக் காட்டி, மடித்து அடுக்குகிற பெண்ணுக்கு ஒன்றுமில்லை. காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தபோது சென்னை ரங்கநாதன் தெருவில் சாமான் வாங்கிய எல்லோரும் கொஞ்ச நாள் சங்கடப்பட்டார்கள். பிறகு தீபாவளி வந்தது. நாள் முழுக்க நின்றால் காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்ளும். கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும். கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரர் தொடங்கிய பெண்கூட்டு அமைப்பு முதலில் கழிப்பறைக்காகப் போராடியது, பிறகு உட்காருவதற்காக. 2018இல் அங்கே சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். மூலச் சட்டம் 1947இல் வந்தது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அப்போதே சொல்லிவிட்டது. கடைப் பெண்களுக்கு அது வந்துசேர எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை வீதம் வைக்கச் சொல்லும் சட்டம் 1899இலேயே வந்துவிட்டது.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் புடவை எடுத்துக் காட்டிய பெண்ணிடம், "உட்கார்ந்துகிட்டே காட்டும்மா" என்றேன். அவர் மேலே கேமராவை ஒரு பார்வை பார்த்தார். "ஸ்டூல் போடணும்னு சட்டமே வந்திருக்கே?" என்று கேட்டதற்கு, "இருக்கு சார், குடோன்ல இருக்கு. ஆபீசருங்க வந்தா எறக்குவாங்க" என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையில் மடிப்பு மட்டும் நிற்கவில்லை.

இடத்தைப் போலவே நேரத்துக்கும் இங்கே போராட வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூரில் உருவானது. பி.பி. வாடியாவும் செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சுலு நாயுடுவும் திரு.வி.க.வும் அதைக் கட்டினார்கள். பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அவர்களிடம் கொண்டுவந்த முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. கூலிக்கு நிகராக அதைச் சொன்னார்கள். உட்கார்ந்து, பிசைந்து, மென்று சாப்பிடுகிற அளவுக்கு நேரம். தமிழில் அழகைப் பற்றியும் முருகனைப் பற்றியும் உருகி உருகி எழுதிய திரு.வி.க. இந்தச் சாப்பாட்டு நேரத்துக்காகவும் மேடையேறினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவருக்கு இரண்டும் வேறுவேறாகத் தெரிந்திருக்காது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்கிற சட்டத்திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

ஆகவே நிதானம் பற்றி யாராவது என்னிடம் பேசினால், எந்த இடத்தில் உட்கார்ந்து, யாருடைய நேரத்தில் என்று கேட்கத் தோன்றுகிறது. குதர்க்கம் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். காலையில் அந்தக் கல்லில் எனக்குக் கிடைப்பது உண்மையானது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் தோன்றுகிறது. யாருக்கு? பிரபஞ்சத்துக்கு என்கிறார்கள். அது ரொம்ப தூரம். அந்தப் பலகையைத் தூக்கிவந்து செங்கல் மேல் ஏற்றிய ஆள் யாரென்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் அப்பா காலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிவந்ததாம், பேர் தெரியாது. கடைக்கு முன்னால் இடம் அடைக்கிறது, எடுத்துவிட்டு நாலு ஸ்டாண்டிங் டேபிள் போட்டால் வியாபாரம் கூடும் என்று மகன் சொல்கிறானாம். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். "கெடக்கட்டும்டான்னேன். நாலு பேர் உக்கார்ற எடம்" என்றார்.

பொங்கலுக்குத் துணியெடுக்கப் போவீர்கள். உங்களுக்கு நாற்காலி போடுவார்கள். எதிரே நிற்கிற பெண்ணுக்கு ஸ்டூல் எங்கே என்று மேலாளரைக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக, மற்ற வாடிக்கையாளர் காதில் விழுகிற மாதிரி கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். அது வரும்வரை புடவை பார்க்க வேண்டாம். அவர் உட்கார்ந்தபடியே எடுத்துக் காட்டினால் அதை அவமரியாதையாக நினைக்காதீர்கள். பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பும்போது அவர் பழக்கத்தில் எழுந்திருப்பார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.